கோழித் தீவனத்தில் பூஞ்சை நச்சைக் குறைக்க ஈஸ்ட் உதவுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாமக்கல் முட்டைக்கோழிப் பண்ணைகளிலும் பல்லடம் வட்டாரத்துக் கறிக்கோழிப் பண்ணைகளிலும் டாக்சின் பைண்டர் (நச்சைப் பிடித்து வைப்பதற்காகத் தீவனத்தில் சேர்க்கும் பொருள்) என்பது தீவனக் கலவையின் வழக்கமான ஓர் இனமாகிவிட்டது. அந்தப் பைகளில் பலவற்றின் மேல் ‘ஈஸ்ட் செல்சுவர்’ என்ற சொல் இருக்கிறது. ஈஸ்ட் இயற்கையானது, ஆகவே எல்லா நச்சையும் தீங்கின்றி முறித்துவிடும் என்ற நம்பிக்கையும் அதோடு சேர்ந்தே பரவியிருக்கிறது. ஈஸ்ட்டால் உண்மையில் என்ன செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்பதைப் பண்ணையாளர்களும் தீவன ஆலை நடத்துபவர்களும் கேட்கும் கேள்விகளின் வழியே இங்கே காணலாம்.

தீவனத்தில் பூஞ்சையே கண்ணுக்குத் தெரியவில்லை. அப்படியானால் நச்சும் இல்லை என்று கொள்ளலாமா?

கொள்ள முடியாது. பூஞ்சை ஓர் உயிர். பூஞ்சை நச்சு அது வளரும்போது உண்டாக்கிவிட்டுப் போகும் வேதிப்பொருள். மக்காச்சோளத்தை வெயிலில் காயவைத்தாலும், பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்தாலும், பூஞ்சையின் வளர்ச்சி நின்றுபோகும். ஆனால் அதற்கு முன் அது விட்டுச் சென்ற நச்சு தானியத்திலேயே தங்கிவிடும். குருணைத் தீவனம் தயாரிக்கும்போது ஏறும் வெப்பத்தில் அஃப்லாடாக்சின் அழிவதில்லை. அதைச் சிதைக்க 250 டிகிரி செல்சியசுக்கும் மேலான வெப்பம் தேவைப்படுகிறது. அரைத்த பிறகு பூசணம் பிடித்த மணி எது, நல்ல மணி எது என்று எவராலும் பிரித்தறிய முடியாது என்பதால், சந்தேகத்திற்குரிய மூட்டையை அரவைக்கு அனுப்பும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

இதை உலகம் அறிந்துகொண்ட விதம் கோழித் தீவனத் தொழிலோடு நேரடியாகத் தொடர்புடையது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் மடிந்தன. பிரேசிலிலிருந்து இறக்குமதியான கடலைப் புண்ணாக்கில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை விட்டுச்சென்ற பொருளே காரணம் என்று பின்னர் தெரிந்தது. அந்தப் பூஞ்சையின் பெயரிலிருந்தே ‘அஃப்லாடாக்சின்’ என்ற பெயர் உருவானது.

எந்தெந்த நச்சுகளைப் பற்றிக் கோழிப் பண்ணையாளர் கவலைப்பட வேண்டும்?

நம் வெப்பநிலையில் முதலிடம் அஃப்லாடாக்சின் பி1 என்பதற்கே. அது கல்லீரலைத் தாக்குகிறது, நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கிறது. அடுத்தது ஆக்ராடாக்சின், அதன் இலக்கு சிறுநீரகம். மூன்றாவதாக டி-2 நச்சைச் சொல்ல வேண்டும். கோழியின் வாயிலும் நாக்கிலும் புண் உண்டாக்குவது அதன் அடையாளம். ஃபியூமோனிசின், டிஆக்சிநிவலினால், சியரலினோன் ஆகியவையும் மக்காச்சோளத்தில் வரும். ஆனால் பன்றிக்குப் பெருங்கேடு செய்யும் சியரலினோனைக் கோழி பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது. இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்திருங்கள். ஈஸ்ட்டின் பயனை எடைபோடும் இடத்தில் அது மீண்டும் தேவைப்படும்.

பறவைகளுக்குள்ளும் தாங்கும் ஆற்றல் வேறுபடுகிறது. அஃப்லாடாக்சினுக்கு வாத்துக் குஞ்சும் வான்கோழியும் மிக விரைவில் பணிந்துவிடும். கோழி அவற்றைவிடத் தாங்கும்.

ஈஸ்ட்டும் பூஞ்சைக் குடும்பத்தைச் சேர்ந்ததுதானே? அது எப்படிப் பூஞ்சை நச்சுக்கு எதிராகும்?

ஆம், ஈஸ்ட்டும் ஒரு செல்லால் ஆன பூஞ்சைதான். ஆனால் ரொட்டிக்கும் மதுவுக்கும் பயன்படும் சாக்கரோமைசிஸ் செரிவிசியே போன்ற இனங்கள் இத்தகைய நச்சுகளை உண்டாக்குவதில்லை. ஈஸ்ட் மூன்று வெவ்வேறு வழிகளில் உதவக்கூடும். தானியத்தின் மேல் பூஞ்சையோடு போட்டியிட்டு வளர்ந்து நச்சு உருவாவதையே தடுப்பது ஒரு வழி. உருவாகிவிட்ட நச்சைக் கோழியின் குடலுக்குள் தன் செல்சுவரில் பிடித்துக்கொண்டு எச்சத்தோடு வெளியேற்றுவது இன்னொரு வழி. நச்சு மூலக்கூறையே நொதியால் வெட்டித் தீங்கற்றதாக்குவது மூன்றாவது வழி. இவை மூன்றையும் ஒரே இனம், ஒரே பொருள் செய்வதில்லை. ஒரு வழிக்குக் கிடைத்த ஆய்வு முடிவைக் காட்டி இன்னொரு வழிக்கான பொருளை விற்கும் பழக்கம் இருப்பதால், எந்த வழியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. இன்று சந்தையில் கிடைப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை இரண்டாவது வகையைச் சேர்ந்தவை.

செல்சுவர் எப்படி நச்சைப் பிடிக்கிறது?

ஈஸ்ட் செல்லின் சுவர் பெரும்பாலும் சர்க்கரைத் தொடர்களால் கட்டப்பட்டது. உள்ளடுக்கில் பீட்டா குளுக்கான், வெளியடுக்கில் மானோஸ் சர்க்கரை இணைந்த புரதங்கள், இடையிடையே சிறிதளவு கைட்டின். குளுக்கான் தொடர்கள் முறுக்கிய கயிறுபோல் சுருண்டிருக்க, அந்தச் சுருள்களின் இடுக்கில் சியரலினோன் போன்ற மூலக்கூறு போய்ப் பொருந்திக்கொள்கிறது. வலுவான வேதிப் பிணைப்பு இதில் இல்லை. மெல்லிய ஈர்ப்புகள் பல சேர்ந்து பிடித்து வைக்கின்றன. ஆகவே சுற்றியுள்ள அமிலத்தன்மை மாறும்போது பிடிப்பின் வலுவும் மாறும். பிடித்ததில் ஒரு பகுதி விடுபட்டும் போகலாம்.

குளுக்கான் மிகுந்தும் கைட்டின் குறைந்தும் உள்ள சுவர் கூடுதலாகப் பிடிக்கிறது என்பது ஆய்வில் தெரிந்த செய்தி. அந்த விகிதம் ஈஸ்ட்டின் இரகத்தைப் பொறுத்தும், அதை வளர்த்த முறையைப் பொறுத்தும் மாறும். எனவே ‘ஈஸ்ட் செல்சுவர்’ என்று பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டு பைகளின் திறன் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஆப்பிரிக்காவின் மரபான புளிப்பு உணவுகளிலிருந்து எடுத்த ஈஸ்ட் இரகங்களை டென்மார்க்கில் சோதித்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், அஃப்லாடாக்சின் பி1ஐப் பிடிக்கும் அளவு இரகத்துக்கு இரகம் பெரிதும் வேறுபட்டது. பெரும்பாலான இரகங்கள் சேர்த்த நச்சில் பாதியைக்கூடப் பிடிக்கவில்லை.

அப்படியானால் ஈஸ்ட் எல்லா நச்சுக்கும் பயன்படாதா?

எல்லா நச்சுக்கும் ஒரே அளவில் பயன்படாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருப்பவர் இதைப் படிக்க வேண்டும்.

சோதனைக் குழாயில் ஈஸ்ட் சுவர் மிக நன்றாகப் பிடிக்கும் நச்சுகளுள் ஒன்று சியரலினோன். ஆனால் கோழிக்கு மிகக் குறைவாகத் தீங்கு செய்யும் நச்சுகளுள் ஒன்றும் அதுவே. விளம்பரத் தாளில் உயர்ந்த விழுக்காடு அச்சிடப்பட்டிருந்தால், அது எந்த நச்சுக்கான எண் என்று பாருங்கள்.

அஃப்லாடாக்சினைப் பொறுத்தவரை ஈஸ்ட் சுவர் நடுத்தரமான பலன் தருகிறது. அந்த நச்சு மூலக்கூறு தட்டையானது; பென்டோனைட், மாண்ட்மோரில்லோனைட் போன்ற களிமண் வகைகளின் அடுக்குகளுக்கு இடையே அது எளிதாகச் செருகிக்கொள்கிறது. எனவே அஃப்லாடாக்சின் மட்டுமே சிக்கல் என்று உறுதியாகத் தெரிந்தால், நல்ல தரமான பென்டோனைட் விலையிலும் திறனிலும் ஈஸ்ட்டை முந்திவிடும் என்பதே என் கணிப்பு. களிமண்ணின் குறை வேறிடத்தில் இருக்கிறது: அஃப்லாடாக்சின் அல்லாத பிற நச்சுகளில் பெரும்பாலானவற்றை அது சரிவரப் பிடிப்பதில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட நச்சுகள் சேர்ந்து வரும் மக்காச்சோளத்தில் களிமண்ணோடு ஈஸ்ட் சுவரையும் கலந்து தருவதற்கு இதுவே நியாயமான காரணம்.

ஆக்ராடாக்சினில் ஓரளவு பலன் உண்டு. அமிலம் மிகுந்த சூழலில் பிடிப்பு கூடுகிறது, குடலின் கீழ்ப்பகுதிக்குப் போகும்போது அது தளரக்கூடும். டிஆக்சிநிவலினால் கிட்டத்தட்ட எதிலும் ஒட்டாத நச்சு. களிமண்ணாலும் ஈஸ்ட்டாலும் அதை நம்பத்தக்க அளவு பிடிக்க முடியவில்லை. டி-2 நச்சும் பிடிபடுவதற்குக் கடினமானதே.

கோழிகளிலேயே செய்த ஆய்வுகள் உண்டா?

உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஸ்டான்லி என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் 1993இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் முன்னோடி. கறிக்கோழிக் குஞ்சுகளுக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராம் அஃப்லாடாக்சின் கலந்த தீவனத்தோடு 0.05, 0.1 விழுக்காடு ஈஸ்ட்டைச் சேர்த்தபோது நச்சின் பாதிப்பு குறைந்தது. இதைப் படிப்பவர் அளவைக் கவனிக்க வேண்டும். கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்பது 5,000 பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு என்பது ஒரு பிபிபி). இந்தியத் தரக்கட்டுப்பாட்டில் கோழித் தீவனத்துக்குச் சொல்லப்படும் 20 பிபிபி வரம்பைப்போல் 250 மடங்கு. ஆய்வில் வேறுபாடு தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக இப்படிப் பெரிய அளவு தரப்படுகிறது. பண்ணையில் நாள்தோறும் சிறுகச் சிறுக ஏறும் நச்சுக்கு அதே அளவு பலன் கிடைக்கும் என்று அதிலிருந்து நேரடியாகச் சொல்லிவிட முடியாது.

நமக்குப் பக்கத்திலேயே நடந்த ஆய்வு பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராஜு, தேவேகௌடா ஆகியோருடையது. 2000ஆம் ஆண்டு வெளியான அந்த ஆய்வில் அஃப்லாடாக்சின், ஆக்ராடாக்சின், டி-2 ஆகிய மூன்றையும் தனித்தனியாகவும் சேர்த்தும் கறிக்கோழிகளுக்குக் கொடுத்து, ஈஸ்ட் சுவரிலிருந்து எடுத்துப் பதப்படுத்திய குளுக்கோமானான் என்ற பொருளைக் கிலோ தீவனத்துக்கு 1 கிராம் வீதம் சேர்த்துப் பார்த்தார்கள். உடல் எடையில் கிடைத்த முன்னேற்றம் சிறியது. கல்லீரல் முதலிய உறுப்புகளில் தெரிந்த நன்மை அதைவிடத் தெளிவானது. நச்சுகள் பல சேர்ந்து வருவதே பண்ணையின் இயல்பு நிலை என்பதால், நம் பகுதிக்கு மிகவும் பொருந்திய ஆய்வு என்று இதையே நான் சொல்வேன்.

ஒரு எச்சரிக்கையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஈஸ்ட் ஒரு சத்துணவும்கூட. முழு ஈஸ்ட்டில் 40 விழுக்காட்டுக்கும் மேல் புரதம் இருக்கிறது, பி வைட்டமின்கள் நிறைந்திருக்கின்றன. அதன் குளுக்கான் நோய் எதிர்ப்பைத் தூண்டுகிறது; மானான் எனப்படும் மானோஸ் சர்க்கரைப் பகுதி சில சால்மோனெல்லா, ஈ. கோலி கிருமிகள் குடற்சுவரில் ஒட்டாமல் தடுக்கிறது. ஆகவே ஈஸ்ட் சேர்த்த கோழி எடை கூடியது என்பதாலேயே நச்சு பிடிபட்டது என்று நிறுவிவிட முடியாது. நச்சு உண்மையில் உடலுக்குள் ஏறவில்லை என்று காட்ட, இரத்தத்திலோ உறுப்பிலோ முட்டையின் மஞ்சள் கருவிலோ நச்சின் அளவு குறைந்ததை அளந்து காட்ட வேண்டும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இத்தகைய சேர்மங்களுக்கு அனுமதி தருவதற்குக் கேட்பது இந்தச் சான்றைத்தான்.

உயிருள்ள ஈஸ்ட் நல்லதா, செத்த ஈஸ்ட் நல்லதா?

நச்சைப் பிடிக்கும் வேலைக்கு உயிர் தேவையில்லை. வேலை செய்வது சுவர். வெப்பத்தாலோ அமிலத்தாலோ செல்லைக் கொன்றபின் சுவரின் கட்டு தளர்ந்து, பிடிக்கும் இடங்கள் கூடுதலாக வெளிப்படுவதால், செத்த செல் சில வேளைகளில் உயிருள்ளதைவிட நன்றாகப் பிடிக்கிறது. உயிருள்ள ஈஸ்ட் குடல் நலத்துக்கான வேறு பயன்களுக்காகச் சேர்க்கப்படுகிறது. அதை வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குருணைத் தீவனம் செய்யும் நீராவி வெப்பத்தில் சாதாரண உயிர் ஈஸ்ட்டில் பெரும்பகுதி செத்துவிடும். நாமக்கல் முட்டைக்கோழிக்கு வழங்கப்படுவது பெரும்பாலும் தூள் தீவனம் என்பதால் இந்தச் சிக்கல் அங்கே குறைவு.

தானியத்திலேயே ஈஸ்ட்டை வளர்த்துப் பூஞ்சையைத் தடுக்க முடியுமா?

சுவீடனில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். உப்சாலாவிலுள்ள வேளாண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஈரம் மிகுந்த தானியத்தைக் காற்றுப் புகாத கலத்தில் சேமிக்கும்போது பிக்கியா அனோமலா என்ற ஈஸ்ட்டைத் தெளித்தால், ஆக்ராடாக்சின் உண்டாக்கும் பெனிசிலியம் பூஞ்சை அடங்கிவிடுவதைக் கண்டார்கள். இந்த ஈஸ்ட்டுக்கு இப்போதைய பெயர் விக்கர்ஹாமோமைசிஸ் அனோமலஸ். அது வெளியிடும் ஈத்தைல் அசிட்டேட் என்ற ஆவி பூஞ்சையை அடக்குவதில் பெரும்பங்கு வகிக்கிறது. கலிஃபோர்னியாவில் இதே இனத்தின் வேறொரு இரகம் பிஸ்தா தோட்டங்களில் அஃப்லாடாக்சின் பூஞ்சைக்கு எதிராகச் சோதிக்கப்பட்டது.

நம் ஊர் நிலைமைக்கு இது நேரடியாகப் பொருந்தாது. சுவீடனின் குளிரில், காற்றில்லாக் கலத்தில், தானியத்தை உலர்த்தும் எரிபொருள் செலவை மிச்சப்படுத்துவதற்காக உருவான முறை அது. தமிழ்நாட்டில் சாக்கு மூட்டையில், 30 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில், ஈரத்தோடு மக்காச்சோளத்தை வைத்துவிட்டு ஈஸ்ட் காப்பாற்றும் என்று நம்புவது ஆபத்தானது. இங்கே 12, 13 விழுக்காட்டுக்குக் கீழ் ஈரத்தைக் கொண்டுவருவதற்கு ஈடான தடுப்பு வேறில்லை.

நச்சைச் சிதைக்கும் ஈஸ்ட் என்று ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டோம். அது என்ன?

ஆஸ்திரேலியக் கறையான் ஒன்றின் பின்குடலிலிருந்து பிரித்தெடுத்த ஈஸ்ட் அது. டிரைகோஸ்போரான் மைக்கோடாக்சினிவோரன்ஸ் என்று 2004இல் பெயரிட்டார்கள். ‘பூஞ்சை நச்சை உண்பது’ என்று பெயரிலேயே பொருள் வைத்திருக்கிறார்கள். ஆக்ராடாக்சின் மூலக்கூறு ஒரு ஃபினைல் அலனைன் அமினோ அமிலமும் வேறொரு பகுதியும் கோத்த அமைப்பு. இந்த ஈஸ்ட் அந்தக் கோப்பை வெட்டிவிடுகிறது; மிஞ்சும் ஆக்ராடாக்சின் ஆல்ஃபாவின் நச்சுத்தன்மை மிகமிகக் குறைவு. சியரலினோனையும் அது சிதைக்கிறது. பிடித்து வைப்பதைப்போல் பாதிவழியில் நச்சு விடுபட்டுவிடும் என்ற அச்சம் இதில் இல்லை என்பதால், கொள்கை அளவில் இது மேலான வழி. அதே ஈஸ்ட் நுரையீரல் நோயுள்ள மனிதர்களிடம் தொற்றாக வந்ததும் 2009 முதல் பதிவாகியிருக்கிறது. உயிருள்ள நுண்ணுயிரைத் தீவனத்தில் கலக்கும்போது ‘இயற்கை’ என்ற அடைமொழி மட்டும் பாதுகாப்புச் சான்றாகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

ஈஸ்ட்டை நொதித் தொழிற்சாலையாகப் பயன்படுத்துவதும் உண்டு. கொமகடேல்லா என்ற ஈஸ்ட்டின் மரபணுவை மாற்றி அதிலிருந்து பெறப்படும் ஃபியூமோனிசின் எஸ்டரேஸ் என்ற நொதிக்கு ஐரோப்பிய ஒன்றியம் முதலில் பன்றித் தீவனத்திலும் பின்னர் கோழித் தீவனத்திலும் அனுமதி தந்திருக்கிறது. அஃப்லாடாக்சினுக்கு ஐரோப்பிய அனுமதி பெற்ற சேர்மம் பென்டோனைட் என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவிடலாம்.

கள் மண்டி, இட்லி மாவு, ரொட்டி ஈஸ்ட் இவற்றைப் பண்ணையிலேயே தீவனத்தில் கலந்துகொள்ளலாமா?

இந்தக் கேள்விக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்ல வேண்டும்.

ரொட்டிக் கடைகளுக்கு விற்கும் உலர் ஈஸ்ட் சாக்கரோமைசிஸ் செரிவிசியேதான். அதைக் கலப்பதால் கோழிக்குக் கேடில்லை. ஆனால் அது மாவு உப்புவதற்காகத் தேர்ந்தெடுத்த இரகம், நச்சைப் பிடிப்பதற்காக அன்று. முழு ஈஸ்ட்டின் எடையில் சுவரின் பங்கு 30 விழுக்காட்டுக்கு மேல் போவது அரிது என்பதால், ஒரு கிலோ செல்சுவருக்கு ஈடாக மூன்று கிலோவுக்கு மேல் முழு ஈஸ்ட் தேவைப்படும். சில்லறை விலையில் இது கட்டுபடியாகாது.

பீர் ஆலையிலிருந்து கிடைக்கும் ஈஸ்ட் கசடு புரதச் சத்துக்காகக் கால்நடைத் தீவனத்தில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. உலர்த்தி விற்கப்படும் கசடை வாங்கலாம். ஈரமான கசடை வாங்கி வைத்தால் நம் வெப்பத்தில் அதுவே கெட்டுப்போய்ப் பூஞ்சை பிடிக்கும்.

கள் மண்டியிலும் புளித்த மாவிலும் ஈஸ்ட் இருப்பது உண்மை. கூடவே எவையெல்லாம் இருக்கின்றன என்பதுதான் தெரியாது. கட்டுப்பாடின்றி வளரும் ஈஸ்ட்டுகளில் கேண்டிடா இனங்களும் அடங்கும். அவற்றுள் சில கோழியின் கழுத்தடியிலுள்ள தீனிப்பையில் வெண்படலம் படியும் நோயை உண்டாக்கும். தவிர, ஈரமான எதையும் தூள் தீவனத்தில் கலப்பது பூஞ்சைக்கு வரவேற்பு வைப்பதாகும். பத்துப் புறக்கடைக் கோழிகளுக்கு அன்றன்று பிசைந்து போடுவது வேறு; டன் கணக்கில் அரைத்து இருப்பு வைக்கும் பண்ணைக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டன்னுக்கு எவ்வளவு கலக்க வேண்டும்?

செல்சுவர்ப் பொருள்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படுவது டன் தீவனத்துக்கு அரைக் கிலோ முதல் 2 கிலோ வரை. பெங்களூரு ஆய்வின் அளவும் டன்னுக்கு 1 கிலோதான். மழைக்காலத்து வரத்துக்கும் கோடைக்கால வரத்துக்கும் ஒரே அளவைப் போடுவது வீண். பரிசோதனை எண்ணைப் பார்த்து அளவை ஏற்றி இறக்க வேண்டும். இத்தகைய சிறிய அளவை நேரடியாகப் பெரிய கலப்பியில் கொட்டினால் ஒரு மூட்டையில் மிகுந்தும் இன்னொன்றில் இல்லாமலும் போய்விடும். முதலில் இருபது, இருபத்தைந்து கிலோ அரைத்த மக்காச்சோளத்தோடு நன்றாகக் கலந்துகொண்டு, பிறகு அதை முழுத் தீவனத்தில் சேர்க்க வேண்டும்.

பூஞ்சைத் தடுப்பு மருந்தோடு ஈஸ்ட்டைச் சேர்த்துப் போடலாமா?

செல்சுவர்ப் பொருளைச் சேர்ப்பதில் தடையில்லை. அதில் உயிர் இல்லை. உயிருள்ள ஈஸ்ட் என்றால் மருந்தைப் பார்க்க வேண்டும். புரோப்பியோனிக் அமிலம் சார்ந்த மருந்துகள் இழைப் பூஞ்சையை அடக்கும் அளவில் ஈஸ்ட்டை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. ரொட்டியில் கால்சியம் புரோப்பியோனேட் சேர்க்கப்படுவதும் அதனால்தான். மயில்துத்தம் என்னும் காப்பர் சல்பேட் இரண்டையும் தாக்கும்.

நச்சு எவ்வளவு இருக்கிறது என்று எப்படி அறிவது?

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தீவனப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. தனியார் கூடங்களும் உண்டு. பட்டை வைத்து விரைவாகப் பார்க்கும் கருவிகளைப் பெரிய ஆலைகள் தாமே வைத்திருக்கின்றன. ஆனால் பரிசோதனையின் நம்பகத்தன்மை கூடத்தைவிட மாதிரி எடுப்பவரின் கையில்தான் அதிகம் இருக்கிறது.

20 பிபிபி என்பது ஒரு டன்னில் 20 மில்லிகிராம். இந்தச் சிறு அளவும் டன் முழுவதும் சீராகப் பரவியிருப்பதில்லை. மிகச் சில மணிகளில் மிகுதியாகக் குவிந்திருக்கும். லாரியின் வாயருகே ஒரு கைப்பிடி அள்ளி அனுப்பினால் வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை. லாரியின் பல இடங்களிலும் பல ஆழங்களிலும் குத்தூசியால் எடுத்து, மொத்தமாகச் சேர்த்து, முழுவதையும் அரைத்துக் கலக்கி, அதிலிருந்து மாதிரி பிரிக்க வேண்டும். அரைப்பதற்கு முன்பே மாதிரியைக் குறைத்துவிடுவது பரவலான பழக்கம். அதைக் கைவிட வேண்டும்.

புற ஊதா விளக்கில் மக்காச்சோளம் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிர்ந்தால் நச்சு இருக்கிறது என்று சிலர் முடிவுகட்டுகிறார்கள். அந்த ஒளிர்வைத் தருவது அஃப்லாடாக்சின் அன்று. அதே பூஞ்சை உண்டாக்கும் கோஜிக் அமிலம் சார்ந்த வேறொரு பொருள். ஒளிர்ந்தால் சந்தேகப்பட்டுப் பரிசோதனைக்கு அனுப்பலாம். அதற்கு மேல் அதிலிருந்து முடிவு சொல்ல முடியாது.

கோழியிடம் என்ன அறிகுறி தெரியும்?

முட்டையின் எண்ணிக்கையும் அளவும் குறையும், தீவனம் எடுப்பது குறையும், ஓடு மெலியும், எச்சம் நீர்த்துப்போகும். இறந்த கோழியைப் பிரித்துப் பார்த்தால் கல்லீரல் வெளிறி, மஞ்சள் பாய்ந்து, வீங்கியிருக்கலாம்; சிறுநீரகம் பருத்திருக்கலாம். கறிக்கோழியில் தோலடியில் கன்றிய இடங்கள் எளிதில் தோன்றும். இவற்றுள் எதுவும் பூஞ்சை நச்சுக்கு மட்டுமே உரியதன்று. தடுப்பூசி முறையாகப் போட்டும் வெள்ளைக்கழிச்சலோ கம்போரோவோ திரும்பத் திரும்ப வந்தால், தடுப்பூசியைக் குறைசொல்லும் முன் தீவனத்தையும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

விற்பனையாளரிடம் என்ன கேட்க வேண்டும்?

எந்தெந்த நச்சுக்குத் தனித்தனியாக எவ்வளவு பிடிப்பு என்று கேளுங்கள். அந்த எண் சோதனைக் குழாயில் வந்ததா, கோழியில் வந்ததா என்று கேளுங்கள். சோதனைக் குழாய் என்றால், அமில நிலையில் பிடித்ததைக் குடலின் நடுநிலைக்கு மாற்றியபோது எவ்வளவு விடுபட்டது என்பதையும் கேட்க வேண்டும். இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருப்பவர் மிகச் சிலரே. பையில் குளுக்கான், மானான் விழுக்காடு அச்சிடப்பட்டிருக்கிறதா, களிமண் கலந்திருந்தால் அதன் பங்கு எவ்வளவு என்பதையும் பாருங்கள். ஈஸ்ட்டின் விலைக்குக் களிமண்ணை வாங்கிவிடக் கூடாது.

நச்சு முட்டைக்குள் வருமா?

அஃப்லாடாக்சின் முட்டைக்குள் செல்லும் பங்கு மிகக் குறைவு. பாலில் வருவதோடு ஒப்பிட்டால் பன்மடங்கு குறைவு. ஒரு முட்டைக்கோழி நாளொன்றுக்கு ஏறத்தாழ 110 கிராம் தீவனம் எடுக்கிறது என்று கொண்டால், 20 பிபிபி தீவனத்தில் அது உண்பது 2.2 மைக்ரோகிராம் நச்சு. அதிலும் மிகச் சிறு துளியே முட்டையில் சேரும். நல்ல தீவனத்துக்கு மாற்றியபின் அது விரைவில் மறைந்தும்விடும். கல்லீரலில் தங்கும் அளவு முட்டையைவிடக் கூடுதல். எனினும் அஃப்லாடாக்சின் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் வகையில் சேர்த்த பொருள் என்பதால், குறைவு என்று அலட்சியம் காட்டுவதற்கில்லை.

பூசணம் பிடித்த மக்காச்சோளம் ஏற்கெனவே வந்துவிட்டது. ஈஸ்ட் கலந்து தீர்த்துவிடலாமா?

முதலில் சலியுங்கள். உடைந்த மணியிலும் தூசியிலும்தான் நச்சு மிகுதியாக இருக்கும்; சலித்து அவற்றை நீக்கினாலே எண் கணிசமாக இறங்கும். சலித்த தூளைத் தவிட்டோடு கலந்து திரும்பத் தீவனத்தில் சேர்க்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதனால் சலித்த வேலை வீணாகும். சலித்தபின் மறுபடி பரிசோதித்து, எண் வரம்புக்குச் சற்று மேலே இருந்தால் களிமண்ணும் ஈஸ்ட் சுவரும் கலந்த பைண்டரைக் கூடுதல் அளவில் சேர்த்து, இளங்குஞ்சுக்கும் இனப்பெருக்கக் கோழிக்கும் கொடுக்காமல், வளர்ந்த கோழிகளுக்கு மட்டும் கால்நடை மருத்துவரின் ஆலோசனையோடு பயன்படுத்தலாம். எண் நூறு பிபிபிக்கு மேல் போனால் எந்தப் பைண்டரையும் நம்பாதீர்கள். அந்தச் சரக்கை வாங்காமல் திருப்பி அனுப்புவதே மலிவு. அதற்கு லாரியை எடைமேடையிலேயே நிறுத்தி, ஈரப்பதமானியும் சோதனைப் பட்டையும் முடிவு சொல்லும்வரை மூட்டை இறக்காமல் இருக்க வேண்டும். தாவணகெரே, ஹாவேரி பக்கமிருந்து அறுவடைக்கால மழையில் நனைந்த வரத்து வரும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் இதை ஒரு லாரிக்கும் விட்டுவிடக் கூடாது.